பி2 விட்டுச்சென்ற பிதிரார்ஜிதம்

கணிப்பொறி நிரல்களின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் ஆரம்பங்களைக் கொண்டாடுவதில் காட்டுகிற உற்சாகத்தை முடிவுகளை விசாரிப்பதில் காட்டுவதில்லை. இன்னார் இன்ன வருஷத்தில் இன்ன நிரலை எழுதத் தொடங்கினார் என்பதைத் தேதியோடு சொல்லிவிடுவார்கள். அதே மனிதர் அலுத்துப்போயோ, வேறு ஜீவனோபாயம் தேடியோ விலகிக்கொண்ட பிறகு, அவரை நம்பித் தங்கள் எழுத்தையெல்லாம் அந்த நிரலுக்குள் போட்டுவைத்திருந்தவர்களின் கதி என்னவாயிற்று என்று கேட்டால் பதில் வராது. சென்ற அத்தியாயத்தில் கேடிஈ, ஜினோம் என்னும் இரண்டு மேசைச்சூழல்கள் 1996இலும் 1997இலும் தோன்றி வளர்ந்த விதத்தைப் பார்த்தோம். இந்த அத்தியாயம் 2003, 2004 ஆகிய இரண்டே வருஷங்களைப் பற்றியது. வலைப்பதிவு எழுதுகிறவர்களில் ஒரு சாராரும், லினக்ஸை வீட்டு மேசையில் வைத்து அன்றாடக் காரியங்களைப் பார்த்துவந்தவர்களில் ஒரு சாராரும், அந்த இரண்டு வருஷங்களில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நாதியற்றுப்போனார்கள்; ஏறத்தாழ ஒரே சமயத்தில் அவர்களுக்குப் புதிய போஷகர்களும் வாய்த்தார்கள்.

வலைப்பதிவின் கதையை முதலில் பார்ப்போம். பிளாக்கர் என்னும் சேவை 1999 ஆகஸ்டில் தொடங்கியது முதற்கொண்டு, கணினியைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களும் இணையத்தில் தினக்குறிப்பு எழுதுவது சாத்தியமாயிற்று. ஆயினும் பிறர் வீட்டுத் திண்ணையில் எழுதாமல் தமக்கென்று வாடகைக்கு எடுத்த சர்வரில், தமக்குச் சொந்தமான முகவரியில் எழுத விரும்பியவர்களுக்குத் தனி நிரல் ஒன்று வேண்டியிருந்தது. அதற்கு நோவா கிரே 2000 நவம்பரில் வெளியிட்ட கிரேமேட்டர் இருந்தது. ஸான் பிரான்ஸிஸ்கோவில் பென் ட்ராட், மேனா ட்ராட் என்னும் இளம் தம்பதியர் 2001 அக்டோபரில் வெளியிட்ட மூவபிள் டைப்பும் இருந்தது. அது வந்த சில மாதங்களில் எழுத்திலும் வடிவமைப்பிலும் பேரெடுத்த பதிவர்களில் பெரும்பாலோர் அதன் பக்கம் போய்விட்டார்கள். இவற்றுக்கு நடுவே, மத்தியதரைக் கடலின் கார்ஸிகா தீவைச் சேர்ந்த மிஷேல் வால்ட்ரிகி என்னும் இளைஞர் 2001இல் பி2 என்றும் கஃபேலாக் என்றும் அழைக்கப்பட்ட நிரலை எழுதி வெளியிட்டார்.

பி2 அப்படியொன்றும் பிரமாதமான சிருஷ்டியன்று என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் அதன் வேலைமுறை எளிமையானது. மூவபிள் டைப் பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. பதிவர் ஒரு கட்டுரையைப் பிரசுரிக்கும்போதெல்லாம் அது அந்தக் கட்டுரைக்கும், மாதத் தொகுப்புக்கும், முகப்புக்கும் உரிய பக்கங்களைத் தனித்தனிக் கோப்புகளாக மறுபடி எழுதிவைக்கும். தளத்தின் தலைப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் ‘ரீபில்ட்’ என்னும் பொத்தானை அழுத்திவிட்டு, நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்படும் வரையில் பதிவர் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பி2வோ பிஎச்பி மொழியில் எழுதப்பட்டு, கட்டுரைகளை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு, வாசகர் வந்து கேட்கிற அந்த க்ஷணத்தில் பக்கத்தைத் தயாரித்துக் கொடுத்தது. எழுதி முடித்தவுடன் பதிவு வெளியாகிவிடும். வாசகர் கூட்டம் அதிகமானால் சர்வர் திணறும் என்பது இதன் குறை. அந்த விஷயத்தில் மூவபிள் டைப்பின் முறையே சிலாக்கியமானது என்று இன்றும் சொல்லலாம். ஆனால் மாதம் சில டாலருக்கு வாடகை இடம் விற்ற கம்பெனிகளின் சர்வர்களில் லினக்ஸும் அப்பாச்சியும் மைஎஸ்க்யூஎல்லும் பிஎச்பியும் தயாராக இருந்தபடியால், பி2வை அங்கே கொண்டுபோய் வைப்பது மற்றெதையும் விடச் சுலபமாக இருந்தது.

2002இன் பிற்பகுதியில் வால்ட்ரிகி மௌனமானார். புதிய பதிப்புகள் வரவில்லை; கேள்விகளுக்கு விடையில்லை. பி2வை நம்பியிருந்தவர்கள் தமக்குத் தெரிந்த திருத்தங்களைத் தாமே செய்து ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டு காலம் தள்ளினார்கள். அவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துக் கல்லூரி மாணவர், ஸாக்ஸஃபோன் வாசிப்பவர், புகைப்படப் பிரியர், மாட் முல்லன்வெக். 2003 ஜனவரி 24ஆம் தேதி, பத்தொன்பது வயது நிரம்பி இரண்டு வாரம் ஆகியிருந்த நிலையில், தமது தளத்தில் அவர் ஒரு குறிப்பு எழுதினார். தாம் உபயோகிக்கும் நிரல் மாதக்கணக்காகத் தேங்கிக் கிடக்கிறது, அதன் கர்த்தா எங்கே போனார் என்று தெரியவில்லை என்று முறையிட்டுவிட்டு, வேறு நிரல்களையெல்லாம் ஒரு சுற்று அலசிப் பார்த்து, பி2 குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியானதால் அதன் மூல நிரலை எடுத்துத் தாமே ஒரு கிளையைத் தொடங்கிவிட முடியும் என்கிற முடிவுக்கு அவர் அதில் வருகிறார். அந்தக் குறிப்பில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. நாளைக்குத் தாமும் இதேபோல் காணாமற்போனால், அப்பொழுதும் அந்த உழைப்பு வீணாகாது, வேறு யாரேனும் எடுத்துத் தொடரலாம் என்று, காரியத்தைத் தொடங்கும் முன்பே அந்த இளைஞர் எழுதிவைத்தார். புதிய முயற்சியின் முதல் நாளிலேயே தம் விலகலையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட கர்த்தாக்கள் நிரலுலகில் துர்லபம்.

அக்குறிப்பின் கீழே இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகேயுள்ள ஸ்டாக்போர்ட் நகரத்து நிரலாளர் மைக் லிட்டில், உண்மையாகவே கிளை பிரிக்க உத்தேசமானால் தாமும் கைகொடுக்கச் சம்மதம் என்று இரண்டொரு வரி எழுதினார். இருவரும் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. ஒப்பந்தம் இல்லை, முதலீடு இல்லை, காரியாலயம் இல்லை. 2003 ஏப்ரல் 1ஆம் தேதி ஸோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் மூல நிரலை ஏற்றி வேலையை ஆரம்பித்தார்கள். வேர்ட்பிரஸ் என்னும் பெயரை முல்லன்வெக்கின் சிநேகிதி கிறிஸ்டீன் ஸெலக் ட்ரெமூலே சொன்னார். மே 27ஆம் தேதி 0.7 என்னும் எண்ணிட்ட முதல் பதிப்பு வெளியாயிற்று. அதில் புதிதாக இருந்தவை கொஞ்சமே: நிர்வாகப் பக்கங்களின் தோற்றம் துப்புரவாயிருந்தது, பக்கங்கள் எக்ஸ்எச்டிஎம்எல் 1.1 இலக்கணத்துக்கு உட்பட்டு அமைந்தன. தட்டச்சில் நேராக விழுகிற மேற்கோள் குறிகளை அச்சுப் புத்தகத்தில் உள்ளவாறு வளைத்துத் தருகிற ஒரு சிறு உபாயமும் சேர்ந்திருந்தது. அச்சுக்கலையில் மோகங்கொண்ட ஒருவரின் கைவண்ணம் என்று இந்த உபாயத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிடலாம்.

இந்தக் கிளை பிரிதலுக்கு அநுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை என்பதே விஷயத்தின் சாரம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் முதற்பதிப்பாகவும் 1991 ஜூனில் இரண்டாம் பதிப்பாகவும் வெளியிட்ட குனூ பொது உரிமம், நிரலை எவரும் எக்காரியத்துக்கும் ஓட்டலாம், படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கு வழங்கலாம் என்கிறது. வழங்குகிறவர் தாம் பெற்ற அதே பாத்தியதைகளை வாங்குகிறவருக்கும் மூல நிரலோடு சேர்த்து வழங்க வேண்டும் என்னும் ஒரே ஒரு நிர்ப்பந்தத்தை விதிக்கிறது. பிதிரார்ஜிதச் சொத்தை அநுபவிக்கலாம், பெருக்கலாம், ஆனால் அடுத்த தலைமுறைக்குத் தராமல் விற்றுத் தீர்த்துவிடக் கூடாது என்று நம் பெரியவர்கள் பத்திரத்தில் எழுதிவைப்பார்களே, ஏறக்குறைய அந்த மாதிரியான ஏற்பாடு இது. வால்ட்ரிகியின் மௌனம் இந்த ஏற்பாட்டைக் கலைக்கவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது.

அவர் தடுக்க நினைக்கவும் இல்லை. சிறிது காலத்தில் திரும்பிவந்து, வேர்ட்பிரஸே பி2வின் அதிகாரபூர்வமான வாரிசு என்று அறிவித்து, தாமும் அதில் பங்குகொள்ள முன்வந்தார். அவ்வறிவிப்புக்கு அவசியம் இருந்தது. ஏனெனில் பி2வுக்கு அப்போது வாரிசுகள் மூவர். பிரான்ஸுவா ப்ளாங்க் என்பவர் பி2எவல்யூஷன் என்னும் கிளையை நடத்திவந்தார். அயர்லாந்தைச் சேர்ந்த டொனகா ஓ கீவ் என்பவர், ஒரே நிறுவலில் பல பதிவுகளை நடத்தத்தக்க பி2++ என்னும் கிளையை வளர்த்துவந்தார். இது பிற்பாடு வேர்ட்பிரஸோடு கலந்து, லக்ஷக்கணக்கான பதிவுகளைத் தாங்கும் அமைப்பாயிற்று. மூத்த கர்த்தாவின் வாக்கு ஒரு கிளையின் பக்கம் சாய்ந்தபோது, அதுவரையில் எதில் சேருவது என்று தயங்கியிருந்தவர்களின் தயக்கம் தீர்ந்தது.

பழைய சொத்தின் அடையாளங்கள் இன்றுவரை அழியவில்லை. வேர்ட்பிரஸின் தரவுத்தளத்தைத் திறந்து கட்டுரைகள் வைக்கப்பட்டிருக்கும் அட்டவணையைப் பார்த்தால் ‘போஸ்ட்_ஆதர்’, ‘போஸ்ட்_டேட்’, ‘போஸ்ட்_கான்டென்ட்’, ‘போஸ்ட்_டைட்டில்’ என்ற பத்திகள் தென்படும். இவை பி2வில் வால்ட்ரிகி இட்ட பெயர்கள். வார்ப்புருக்களில் கட்டுரையின் தலைப்பையும் உடலையும் வரவழைக்கிற ‘தி_டைட்டில்’, ‘தி_கான்டென்ட்’ என்னும் கட்டளைகளும் அவருடையவையே. ஒவ்வொரு வேர்ட்பிரஸ் பிரதியோடும் வருகிற உரிமக் கோப்பில், இந்நிரல் 2001, 2002 வருஷங்களில் மிஷேல் வால்ட்ரிகி உருவாக்கிய பி2வை உட்கொண்டது என்னும் வாசகம் தவறாமல் இருக்கிறது. பழைய கர்த்தாவின் பெயரை நீக்கிவிட்டுத் தம் பெயரைப் பொறித்துக்கொள்ளும் வழக்கம் வியாபார நிரல்களில் சர்வசாதாரணமாகையால், இதை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டியிருக்கிறது.

2004 ஜனவரி 3ஆம் தேதி 1.0 பதிப்பு வந்தது. ஜாஸ் வித்வான் மைல்ஸ் டேவிஸின் பெயர் அதற்கு இடப்பட்டது. அது முதல் ஒவ்வொரு பெரிய பதிப்பும் ஒரு ஜாஸ் கலைஞரின் பெயரைத் தாங்கி வருகிறது. ஐந்து நிமிஷத்தில் நிறுவிவிடலாம் என்று அதன் கர்த்தாக்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அது அத்தனை மிகையுமன்று. பொதியை விரித்து, மாதிரி அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றி, அதில் நான்கு வரிகளை நிரப்ப வேண்டும்: தரவுத்தளத்தின் பெயர், உபயோகிப்பவர் பெயர், கடவுச்சொல், தரவுத்தளம் இருக்கும் இடம். நான்காவது வரியில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று முன்கூட்டியே எழுதி, இதை மாற்றவேண்டிய அவசியம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு நேராது என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பும் போட்டிருந்தார்கள். பிறகு எஃப்டிபி மூலம் கோப்புகளைச் சர்வருக்கு ஏற்றி, உலாவியில் நிறுவல் பக்கத்தைத் திறந்தால், அட்டவணைகள் தாமே உருவாகி, நிர்வாகிக்குரிய கடவுச்சொல் திரையில் வந்து நிற்கும். நிரலாளர் நிரலாளருக்காக எழுதுகிற வழக்கத்திலிருந்து விலகி, பயந்த சுபாவமுள்ள ஒருவர் இதை நிறுவப்போகிறார் என்று எண்ணி எழுதப்பட்ட குறிப்பு அது.

இவ்வளவு இருந்தும் அந்த வசந்த காலத்தில் வேர்ட்பிரஸ் இரண்டாம் இடத்து நிரலாகவே இருந்தது. அதை முதலிடத்துக்குத் தள்ளியது அதன் சொந்தச் சாமர்த்தியம் மட்டும் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ட்ராட் தம்பதியர் இதற்குள் ஸிக்ஸ் அபார்ட் என்னும் கம்பெனியை அமைத்து, முதலீட்டாளர்களின் பணத்தைப் பெற்று, ஊழியர்களை அமர்த்தியிருந்தார்கள். 2004 மே 13ஆம் தேதி மூவபிள் டைப் 3.0 பதிப்பை அறிவித்தபோது அதனுடன் ஒரு விலைப்பட்டியலும் வந்தது. கட்டணமில்லாத பதிப்பில் ஓர் ஆசிரியர், மூன்று பதிவுகள் என்பது வரம்பு. அதற்கு மேல் ஆசிரியர்களின் எண்ணிக்கையும் பதிவுகளின் எண்ணிக்கையும் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். உழைத்தவர்கள் கூலி கேட்டது குற்றமன்று. ஆனால் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் ஒரே நிறுவலில் பத்துப் பதினைந்து பதிவுகளை இலவசமாகத் திறந்து கொடுத்திருந்த அபிமானிகள், மறுநாள் காலையில் தாங்கள் நூற்றுக்கணக்கான டாலர் கடன்பட்டவர்களாக எழுந்திருக்க நேர்ந்தது. கூக்குரல் எழுந்தது. கம்பெனி சில தினங்களிலேயே நிபந்தனைகளைத் தளர்த்தியும் அது அடங்கவில்லை.

அந்தக் கூக்குரலில் நிதானமாகப் பேசியவர் மார்க் பில்கிரிம் என்னும் பதிவர். தாம் நடத்திவந்த பதிவுகளுக்குப் புதிய விலைப்பட்டியலின்படி 535 டாலர் ஆகிறது என்று கணக்கிட்டு, அந்தத் தொகையை அப்படியே வேர்ட்பிரஸ் நிரலாளர்களுக்கு நன்கொடையாக அனுப்பிவிட்டு, மே 14ஆம் தேதி தமது தளத்தை வேர்ட்பிரஸில் நடத்தத் தொடங்கினார். விலையைப் பற்றி அவருக்கு ஆக்ஷேபமே இல்லை. மூவபிள் டைப் என்றைக்கும் சுதந்திர மென்பொருளாக இருந்ததில்லை; அதன் மூல நிரல் கண்ணுக்குத் தெரிந்தது, இலவசமாகக் கிடைத்தது; ஆனால் மாற்றி வழங்கும் பாத்தியதை ஒருவருக்கும் தரப்படவில்லை; இலவசமாகக் கிடைத்ததையும் சுதந்திரமாக இருந்ததையும் நாமெல்லாரும் ஒன்றென்று எண்ணி மயங்கியிருந்தோம் என்பதே அவருடைய வாதம். கணக்குப் பார்த்து ரசீது காட்டிய இந்த வாதம், வெறும் கோபத்தைவிட அதிகமான பேரை இடம்பெயரச் செய்தது. வேர்ட்பிரஸில் மூவபிள் டைப்பின் கட்டுரைகளை இறக்கிக்கொள்ளும் வசதி முன்பே இருந்தது. விலைப்பட்டியல் வெளியான ஒன்பதாம் நாள், மே 22ஆம் தேதி, செருகுநிரல்களுக்கு இடமளிக்கும் 1.2 பதிப்பும் வந்து சேர்ந்தது. அந்த மாதத்தில் வேர்ட்பிரஸைத் தரவிறக்கியவர்களின் தொகை முந்தைய மாதத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டியது.

இப்போது மேசைக்கணினிக்கு வருவோம். லினக்ஸை வீட்டில் உபயோகித்தவர்களில் ஏராளமானோர் அந்நாளில் ரெட் ஹாட் லினக்ஸின் பெட்டியைக் கடையில் வாங்கியோ, பத்திரிகையோடு வந்த குறுந்தகட்டிலிருந்தோ நிறுவிக்கொண்டவர்கள். 2003 மார்ச்சில் வந்த ஒன்பதாம் பதிப்பே அவ்வரிசையில் கடைசி என்று அந்தக் கம்பெனி அறிவித்துவிட்டு, நிறுவனங்களுக்குச் சந்தா முறையில் விற்கும் பதிப்பில் கவனத்தைச் செலுத்தியது. 2004 ஏப்ரல் 30ஆம் தேதியோடு ஒன்பதாம் பதிப்புக்குத் திருத்தங்கள் வருவதும் நின்றது. மூவபிள் டைப்பின் விலைப்பட்டியலுக்கும் இதற்கும் நடுவே பதின்மூன்று நாளே இடைவெளி. ஆனால் இங்கே ரெட் ஹாட்டின் மேல் குற்றம் சொல்ல அதிகம் இல்லை. தன் மூல நிரல்களை அது மறைக்கவில்லை. ஃபெடோரா என்னும் பொதுத் திட்டத்தைத் தொடங்கி ஒரு வழியும் காட்டியது. மேசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும், ஆறு மாதத்துக்கொரு தடவை மாறுகிற ஃபெடோராவில் குடியேறுவதா, டெபியன் என்னும் அசைவற்ற லினக்ஸ் வகையில் குடியேறுவதா என்று புரியவில்லை. டெபியனின் நிலைப்பதிப்பு 2002 ஜூலையில் வந்தது. அடுத்தது 2005 ஜூனில்தான் வந்தது.

அந்த நாளில் லினக்ஸை வீட்டில் நடத்துவது எப்படிப்பட்ட அநுபவம் என்பதை இன்றைய இளைஞர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். திரையில் படம் வருவதற்கு எக்ஸ்எஃப்86கான்ஃபிக் என்னும் கோப்பைக் கையால் திருத்தி, கண்ணாடிக் குழாய் மானிட்டரின் கிடைமட்ட அலைவரிசை இத்தனை கிலோஹெர்ட்ஸ் முதல் இத்தனை வரை என்று, கையேட்டைத் தேடி எடுத்து எழுத வேண்டும். தவறான எண்ணை எழுதினால் மானிட்டர் கெட்டுப்போகும் என்று எச்சரிக்கை வேறு. கம்ப்யூட்டரோடு மலிவாக வந்த மோடம்கள் விண்டோஸின் துணையில்லாமல் வேலை செய்யாத ஜாதி. ஆகவே தொலைபேசிக் கம்பியில் இணையத்தைப் பெற்றவர்கள், இணையம் கிடைப்பதற்கு வேண்டிய நிரலைத் தேட விண்டோஸுக்குத் திரும்பிப் போக நேர்ந்தது. எம்பி3 பாட்டுக் கோப்புகள் காப்புரிமைத் தகராற்றினால் நிறுவிய கையோடு பாடா.

தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் இதற்கெல்லாம் பரிகாரம் தேடப் புறப்பட்டார். மாணவராயிருந்தபோதே டெபியனுக்காக அப்பாச்சியைப் பொதியாக்கிக் கொடுத்தவர் அவர். தாட் என்னும் தம் கம்பெனியை 1999இல் வெரிஸைனுக்கு 57.5 கோடி டாலருக்கு விற்றவர். 2002 ஏப்ரலில் ரஷ்ய ஸோயுஸ் விண்கலத்தில் விண்வெளிக்குச் சென்று வந்தவர். டெபியனின் மடற்குழுக்களில் குவிந்திருந்த கடிதங்களைக் கையோடு எடுத்துக்கொண்டு அண்டார்க்டிகாவுக்குக் கப்பலேறி, பனிக்கட்டியின் நடுவே அவற்றைப் படித்து, யார் வேலைக்காரர், யார் வாய்ச்சொல் வீரர் என்று பிரித்தறிந்து, தமக்கு வேண்டிய நிரலாளர்களின் பட்டியலைத் தயாரித்தார். வேலைக்கு ஆள் எடுப்பதற்கு இதைவிட யோக்கியமான முறை இருக்கிறதா என்று தெரியவில்லை. 2004 ஏப்ரலில் அவர்களில் சிலர் லண்டனில் அவர் வீட்டில் கூடினார்கள். அக்டோபர் 20ஆம் தேதி உபுண்டு 4.10 வெளியாயிற்று.

டெபியனின் ஆயிரக்கணக்கான பொதிகளிலிருந்து, ஒரு காரியத்துக்கு ஒரே நிரல் என்று தேர்ந்தெடுத்து, ஒரே குறுந்தகட்டில் அடக்கியதுதான் அதன் விசேஷம். ஜினோம் 2.8, ஃபயர்பாக்ஸ், ஓப்பன் ஆபீஸ், எவல்யூஷன், கிம்ப். உலாவிகளில் ஐந்தைப் போட்டுவிட்டுத் தேர்ந்துகொள் என்று புதியவரை மருட்டும் பழைய சம்பிரதாயம் ஒழிந்தது. ரூட் என்னும் சர்வாதிகாரக் கணக்கு மூடிவைக்கப்பட்டு, நிர்வாகக் காரியங்களுக்குச் ‘சூடோ’ கட்டளையின் மூலம் சொந்தக் கடவுச்சொல்லே போதுமானதாயிற்று. நிறுவும் திரை மட்டும் இன்னும் எழுத்துமயமாகவே இருந்தது. படம் காட்டி நிறுவும் வசதி 2006 ஜூன் வரை வரவில்லை. எம்பி3 விவகாரமும் தீரவில்லை. மூலக் களஞ்சியங்களின் பட்டியலைத் திறந்து, சில வரிகளின் தலையிலிருந்த குறியை நீக்கி, தனியே பொதிகளைத் தருவித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆயினும் கேட்டவர்களுக்கெல்லாம் தபால் செலவுகூட வாங்காமல் தகடுகளை உலகெங்கும் அனுப்பினார்கள். 56 கிலோபிட் மோடத்தில் ஒரு தகட்டளவைத் தரவிறக்க, கம்பி அறுபடாமல் இருந்தாலும், ஒரு பகலும் ஓர் இரவும் முழுமையாகப் போதாது என்று கணக்கிட்டுப் பார்த்தால், நம் நாட்டுச் சிற்றூர்களில் அத்தபால் உறைக்கு இருந்த மதிப்பு விளங்கும்.

உபுண்டுவின் பாத்தியதை வேர்ட்பிரஸினுடையதிலிருந்து மாறுபட்டது. தகப்பனார் உயிரோடு, அதுவும் நல்ல திடகாத்திரத்தோடு இருக்கும்போதே பாகம் பிரித்துக்கொண்ட பிள்ளை அது. ஆகவே மனஸ்தாபங்களும் எழுந்தன. டெபியனை 1993இல் ஸ்தாபித்த இயன் மர்டாக், உபுண்டுவின் பொதிகள் மூலமான டெபியனோடு இசையாமல் விலகிப் போகின்றன என்று 2005இல் வெளிப்படையாகவே குறைகூறினார். அக்குறையில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சண்டைகளைப் பற்றிக் கேள்வியே படாத ஒருவர், உபுண்டுவை நிறுவி, அப்பாச்சி, பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் என்னும் மூன்று பொதிகளை ‘ஆப்ட்-கெட்’ கட்டளையால் வரவழைத்து, வார்-டபிள்யூடபிள்யூடபிள்யூ அடைவில் வேர்ட்பிரஸை விரித்துவைத்து, இணைய இணைப்பே இல்லாமல் தம் மேசையிலேயே ஒரு பதிவை நடத்திப் பார்க்கலாம் என்கிற நிலை 2004இன் இலையுதிர்காலத்திலேயே வந்துவிட்டது. கம்பெனிகளின் சர்வர்களில் ஓடிய அதே நிரல்கள், அதே உரிமத்தில், சாமானியரின் மேசையில் ஓடின. விண்டோஸிலும் இவற்றை ஓட்டலாம்தான். ஆனால் அங்கே அவை விருந்தாளிகள்.

சொத்தை ஏற்றவர்கள் கடனையும் ஏற்க நேர்ந்தது. பி2 காலத்து மைஎஸ்க்யூஎல் 4.0 யூனிகோடை அறியாது. அட்டவணைகளை ‘லத்தீன்1’ என்னும் மேற்கு ஐரோப்பியக் குறிமுறையில் வைத்திருப்பதாகவே அது எண்ணிக்கொண்டது. வேர்ட்பிரஸ் அந்த அட்டவணைகளை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. தமிழில் பதிந்தவர் யூடிஎஃப்-8 முறையில் அனுப்பிய எழுத்துகள், ஒவ்வொன்றும் மும்மூன்று பைட்டுகளாக, அந்த லத்தீன் அறைகளுக்குள் போய் உட்கார்ந்து, போட்டபடியே திரும்பியும் வந்ததால் வருஷக்கணக்கில் ஒருவரும் குறையை உணரவில்லை. பிற்பாடு தரவுத்தளம் 4.1 பதிப்புக்கு ஏறி, 2007 மே மாதத்தில் வந்த வேர்ட்பிரஸ் 2.2, அமைப்புக் கோப்பில் குறிமுறையைக் குறிக்கும் ஒரு புதிய வரியைச் சேர்த்தபோதுதான் விபரீதம் வெளிப்பட்டது. வழக்கம்போல் மேம்படுத்திக்கொண்ட தமிழ்ப் பதிவர்கள் தளத்தைத் திறந்தால், தலைமேல் சாய்கோடிட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’உம் வரிவரியாக நின்றன. எழுத்தெல்லாம் நாசமாயிற்று என்று பதறியவர்கள் உண்டு. உண்மையில் ஒரு பைட்டும் அழிந்திருக்கவில்லை. அந்தப் புதிய வரியை நீக்கினால் தமிழ் மறுபடி தோன்றியது. கடனை அடைக்காமல் தவணையைத் தள்ளிப்போட்ட பரிகாரம்தான் அது. ஆனாலும் பலர் அதிலேயே பல வருஷம் ஓட்டினார்கள்.

மேசைக்கணினியிலும் தமிழுக்கு இதைப்போன்ற ஒரு தொல்லை. ஜினோம் 2.0 பதிப்பு 2002 ஜூனில் பாங்கோ என்னும் எழுத்தடுக்கும் நிரலகத்தோடு வந்தபடியால் ஜினோமின் சொந்தச் செயலிகளில் கொம்புகள் எழுத்துக்கு முன்னே ஒழுங்காக விழுந்தன. பாங்கோவின் துணையைச் சேர்க்காமல் தொகுக்கப்பட்ட உலாவிகளிலோ ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னே, ஒரு புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு நின்றது. கோப்பின் பெயரில் சரியாகத் தெரிந்த சொல், வலைப்பக்கத்தில் சிதைந்து தெரிந்த அந்தக் காலம் நெடுநாள் நீடித்தது.

மூவபிள் டைப்பின் பிற்காலத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2007 டிசம்பரில் ஸிக்ஸ் அபார்ட் அதையும் குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டது. உரிமம் ஒன்றே நிரலைக் காப்பாற்றும் என்று வாதிப்பவர்களுக்கு இதற்குப் பின் நடந்தது சங்கடமானது. 2009இல் அதன் பழைய அபிமானிகள் சிலர், நிரலில் தேர்ந்தவர்கள், மெலடி என்னும் கிளையைத் தொடங்கினார்கள். பாத்தியதை முழுமையாக இருந்தது. மூல நிரல் பி2வைவிடப் பன்மடங்கு செப்பமாக இருந்தது. உபயோகிக்கத்தக்க ஜனங்கள் மட்டும் ஐந்து வருஷத்துக்கு முன்பே குடிபெயர்ந்துவிட்டிருந்தார்கள். மெலடி சில காலத்துக்குள் நின்றுபோயிற்று. 2013இல் வந்த மூவபிள் டைப் ஆறாம் பதிப்பு மறுபடியும் மூடிய உரிமத்துக்குத் திரும்பியது. கம்பெனியின் பெயரும் நிரலும் அதற்கு முன்பே ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தன. ஜப்பானில் அதற்கு இன்றும் நல்ல வியாபாரம் உண்டு. ப்ளாங்கின் பி2எவல்யூஷனோ பெரிய ஆரவாரமில்லாமல் இன்னும் பல வருஷம் புதிய பதிப்புகளைக் கண்டது.

வேர்ட்பிரஸின் 1.5 பதிப்பு 2005 பிப்ரவரி 17ஆம் தேதி வந்தது. அதோடு வந்த ‘தீம்’ என்னும் வார்ப்புரு முறையும், டென்மார்க்கைச் சேர்ந்த மைக்கேல் ஹைல்மன் வரைந்த கூப்ரிக் என்னும் நீலத் தலைப்பட்டை தாங்கிய தோற்றமும், வார்ப்புருக்களுக்கும் அதே உரிமம் செல்லுமா என்று எழுந்த வழக்காடலும் அடுத்த அத்தியாயத்துக்குரியவை.